பிறந்த வீட்டுக் கோடி

வந்துவிடுவார்கள். பத்து மணி என்றுதான் வேணி சொன்னாள். பத்து இன்னும் ஆகவில்லை. ஆகியிருந்தால் கோயில் மைக்கை நிறுத்தியிருப்பார்கள், அம்மன் பாட்டு முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே நேரம் கிடக்கிறது என்று பூரணம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கோயிலுக்குப் பின்புறத்து மேட்டின் விளிம்புவரை போய் நின்றாள். கீழே ஓடை. இந்தப் பக்கம் மோரே, மணிப்பூரின் கடைசி ஊர், இந்தியாவும் இதோடு சரி. அந்தப் பக்கம் பர்மா, தமு என்கிற ஊர். நடுவில் ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்குக் காணாது. எருமை இந்தக் கரையில் மேய்ந்துவிட்டு அந்தக் கரையில் போய்ப் படுத்துக்கொள்ளும், எந்த நாட்டு எருமை என்று யாரும் கேட்டதில்லை, மனுசிக்குத்தான் ஆயிரம் கேள்வி. அக்கரையில் தமுத் தமிழர்களின் சுடுகாடு, அதன் வாசலில் சுண்ணாம்பு அடித்த அரிச்சந்திரன் கல். எந்தப் பாடையானாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் இறக்கி வைத்து, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித்தான் உள்ளே தூக்கிப்போவார்கள். அந்த இறக்கிவைக்கிற கொஞ்ச நேரம்தான் பூரணத்துக்குக் கிடைக்கப்போவது. முப்பது வருசத்துச் சிநேகிதி தெய்வானை நேற்று ராத்திரி போய்விட்டாள். சர்க்கரை. விடிவதற்குள் அவள் மகள் வேணி போனில் அழுதாள், அழுது முடித்து, அந்தப் பெண்ணே ஒரு யோசனையும் சொன்னாள். "அத்தை, நீங்க அந்த மேட்டுல நின்னு கோடியை விரிச்சுக் காட்டுங்க. அண்ணன் இந்தப் பக்கம் உங்க பேரைச் சொல்லி ஒரு புடவையைப் போத்திரும். பத்து மணிக்குக் கல்லுகிட்ட இறக்கிருவாங்க. பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அம்மா போகக்கூடாதுல்ல அத்தை." அந்தக் கோடிப் புடவை இப்போது பூரணத்தின் மஞ்சள் பைக்குள் இருக்கிறது. அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் கரை. கட்டினவன் உயிரோடு இருக்கப் போனவள், சிவப்புதான் எடுக்க வேண்டும். காலையில் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிக் கடையைத் திறக்கச் சொன்னபோது, "என்னக்கா, விசேசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வது.

பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள், இருந்தது, எங்கே போகும். விரிப்பதற்குத் தோதாக மடிப்பைத் தளர்த்தி வைத்தாள், பிறகு அழுக்காகிவிடுமே என்று மறுபடி மடித்தாள், அழுக்கானால் என்ன, அவளா கட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்கப் போகிறாள். காலையிலேயே, மூடிக்கிடக்கிற எல்லைக் கேட்டுக்கு ஓடியிருக்கக் கூடாது. ஓடியதில் பாதி உயிர் போயிற்று. கேட்டில் நின்ற சிப்பாய் சின்ன வயசுக்காரன், நல்ல பிள்ளைதான், அதைச் சொல்ல வேண்டும், இவளுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இவள் அழுததைப் பொறுமையாகக் கேட்டான். யார் இறந்தது என்றான். சிநேகிதி என்றாள். அக்கா இல்லையா என்றான். இல்லை என்றாள். சித்தி மகள், அத்தை மகள், அப்படி ஏதாவது என்றான். இல்லையப்பா, சிநேகிதி, ஆனால் கூடப் பிறந்தவளை விட மேலே என்று இவள் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். ரத்தச் சொந்தத்தின் சாவு என்றால் மேலே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் அம்மா, சிநேகிதிக்கு என்ன என்று எழுதுவது, என்னை மாட்டிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டான். திரும்பி நடந்து சந்தை முக்கு வந்த பிறகல்லவா மண்டையில் உறைத்தது, அவன் மூன்று தடவை வாயைத் திறந்து ஊட்டியிருக்கிறான், அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அரைக்காசு பெறாத பொய். அப்பளக் கட்டில் ஒன்று குறைந்ததை மறைக்க ஆயிரம் பொய் சொன்ன வாய், அந்த நேரத்தில் உத்தமியாகிவிட்டது. போய்ச் சொல்லலாமா என்று திரும்பினாள், ஒரு தடவை சிநேகிதி என்று சொன்னவளை இன்னொரு தடவை அக்காவாக எவன் ஏற்றுக்கொள்வான் என்று நின்றாள். நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றித் தன்னைத்தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு காலத்தில் இந்தக் கேட் ஒரு கேட்டா? அடையாளச் சீட்டைக் காலையில் நீட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் நாலு மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் புளி கடன் வாங்கப் போகிற மாதிரி வெளிநாடு போய் வந்த சனம் இது. பூரணம் தலையில் அப்பளமும் மசாலாப் பொடியும் கூடையில் சுமந்துகொண்டு அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போனவள்தான். முதல் நாளே சண்டை. பூரணம் கூடையை இறக்கிய இடம், பர்மாக்காரிகள் முகத்தில் அரைத்துப் பூசுகிறார்களே அந்தத் தனக்காக் கட்டையை அடுக்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு கறுப்பான குண்டுப் பெண்ணின் இடமாம். அவள் இவளை வந்தேறிக் கழுதை என்று பர்மியப் பாஷையில் திட்டினாள், இவளுக்குப் புரியாது என்ற தைரியம். ரங்கூனில் பிறந்து, ஆறு வயசில் கப்பலேறி, தமிழ்நாட்டு அகதி முகாமில் இருப்புக்கொள்ளாமல் மறுபடி ரங்கூனுக்கே நடந்தே போகிறேன் என்று கிளம்பிய அப்பனோடு வந்து இந்த எல்லையில் சிக்கிக்கொண்டவள் பூரணம், அவளிடமா? இவள் அதே பாஷையில் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் சுத்தமான ராமநாதபுரத்துத் தமிழில், "அடி ஆத்தீ, நம்ம சாதிசனமா நீ! உக்காரு, உக்காரு, இந்தா டீ குடி" என்றாள். அந்த டீயோடு ஒட்டியதுதான். பூரணத்துக்கு மகன் பிறந்தபோது தெய்வானை மருந்து இடித்துக்கொண்டு வந்தாள், வேணி வயசுக்கு வந்தபோது பூரணம் சீர் கொண்டுபோனாள். தெய்வானைக்குப் பிறந்த வீடு என்று யாருமில்லை, அண்ணன் தம்பி இல்லை, அப்பன் ஆத்தா ரங்கூன் மண்ணிலேயே போய்விட்டார்கள். ஒரு தடவை தமுவில் ஒரு கிழவியின் சாவு, பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாமல் அக்கம்பக்கத்தார் ஒரு லுங்கித் துணியைப் போட்டு எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து தெய்வானை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எனக்கு யாரு போடுவா?" என்றாள். "நான் போடுறேன், போ. எங்க வீடுதான்டி உனக்குப் பொறந்த வீடு." "நீ முந்திக்கிட்டா?" "அப்ப நீ எனக்குப் போடு, கணக்குத் தீர்ந்துச்சு." இரண்டு பேரும் சிரித்தார்கள். சாவைப் பற்றிச் சிரிக்கிற வயசு அது.

பாட்டு நின்றுவிட்டது. அப்படியானால் பத்து. பூரணம் புடவையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அக்கரைப் பாதை வெறிச்சென்று கிடந்தது. பிணம் எடுப்பது சொன்ன நேரத்துக்கு எங்கே நடக்கிறது, நீர்மாலை எடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேரைப் பூரணம் பார்த்ததே இல்லை, மூடிய பிறகு அங்கே பிறந்ததெல்லாம் போனில் கேட்ட பெயர்கள்தானே. முதலில் சீக்கு வந்தது, கேட்டை மூடினார்கள், சரி, சீக்கு. சீக்கு ஒழிந்தது, அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, மூடியது மூடியபடி. அப்புறம் இந்தப் பக்கமே கலவரத்தில் பற்றி எரிந்தது. அது அடங்கி ஒரு மூச்சு விடுவதற்குள், இனிமேல் போக்குவரவே வேண்டாம், வேலி போடுகிறோம் என்று எங்கேயோ யாரோ முடிவு கட்டிவிட்டார்களாம். அந்த யாரோவுக்கு அக்கரையில் ஒரு சிநேகிதி இருந்திருந்தால் தெரியும். சுடுகாட்டுக்குள் மரங்களுக்குப் பின்னால் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அது வேறு யாருடையதோ. ஊரில் சாவுக்கா பஞ்சம். இல்லையென்றால் மலையில் காடு எரிக்கிறார்கள், இது அந்த மாசம்தான். ஆனால் காட்டுப் புகை பரந்து வரும், இது ஒரே இடத்திலிருந்து தடியாக வருகிறது. வேணிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள், ஆத்தாளைத் தூக்குகிற நேரத்தில் எந்த மகள் போனைப் பார்ப்பாள். மறுபடி போட்டாள். ஓடையில் நாலைந்து ஆண்கள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் தலை மழித்திருந்தான். பாவம், யார் பெற்ற பிள்ளையோ. இந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை, கண்ணில் புரை வேறு. அதுவும் யோசனைதான், முகம் தெரியாவிட்டால் தெய்வானையை எப்படிப் பார்ப்பது, பார்த்தது அவள்தான் என்று எப்படித் தெரியும். உடம்பு தெரியும். அந்தக் குண்டு உடம்பை ஓடைக்கு அப்பாலிருந்தல்ல, ஒன்பது மலைக்கு அப்பாலிருந்தும் தெரியும். பார்க்கப்போனால் இது ஒரு அதிர்ஷ்டம், அந்தப் பக்கம் போயிருந்தால் முச்சந்தியோடு பெண்டுகளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், கல்வரைக்கும் எந்தப் பெண்பிள்ளையும் போனதில்லை, கேட் மூடியதால் பூரணம் மட்டும் பார்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். இப்படி ஒரு அதிர்ஷ்டத்தில் சந்தோசப்பட ஒரு மனசு வேண்டும்.

வரட்டும், மெதுவாக வரட்டும். தெய்வானை எதற்கும் நேரத்துக்கு வந்தவளில்லை. பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் விடியுமுன் கேட்டில் நிற்பாள், திறந்ததும் முதல் ஆள், பால்குடம் தூக்கிவிட்டு வந்து பூரணத்தின் வீட்டில்தான் ஈரப் புடவையை மாற்றுவாள், சாப்பிட்டுப் படுத்தாள் என்றால் எழுப்ப முடியாது. "எந்திரிடி, கேட்டை மூடிருவான்." "அட இருடி, மணி என்ன ஆச்சு உனக்கு? உங்க ஊருக்கு வந்தாலே எனக்கு ஒரு மணி நேரம் வயசு குறையுது. அங்க பன்னெண்டு, இங்க பதினொண்ணு. நாலு வாட்டி வந்து போனா குமரியாயிருவேன், மாப்பிள்ளை பாத்து வை." அப்படியே வயிறு குலுங்கச் சிரிப்பாள், வெற்றிலைச் சாறு கடைவாயில் வழியும், அதைப் புறங்கையால் துடைப்பாள். அங்க பன்னெண்டு, இங்க பதினொண்ணு. பூரணமும் சிரித்தாள், மேட்டில் தனியாக நின்று சிரித்தாள், சிரித்த வாய் மூடுவதற்குள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே பதினொன்று. அங்கே பதினொன்று என்றால் இங்கே பத்து. அங்கே பத்து என்றால்.

இல்லை. வேணி இந்திய மணியைத்தான் சொல்லியிருப்பாள். ஏன் சொல்ல வேண்டும்? பர்மாவில் இருக்கிறவள் பர்மா மணியைத்தான் சொல்வாள், அவளுக்குப் பத்து என்றால் அவள் வீட்டுச் சுவரில் பத்து. கேட்கவேண்டியவள் பூரணம். மோரேயில் பிறந்த குழந்தைகூடக் கேட்கும், யார் எந்த மணியைச் சொன்னாலும் அடுத்த வார்த்தை "எந்த மணி? நம்ம மணியா, அவுக மணியா?" என்பதுதான், சினிமாவுக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் அதைக் கேட்காமல் காலை எடுத்து வைக்க மாட்டார்கள். பூரணத்தின் வீட்டிலேயே சுவரில் இரண்டு கடிகாரம் இருந்தது, ஒன்று நம்ம மணி, ஒன்று அவுக மணி. கேட் மூடிய இரண்டாம் வருசம் அவுக மணிக்கு பேட்டரி தீர்ந்தது. வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தாள், போகாத ஊருக்கு மணி எதற்கு என்று மருமகள் அதைக் கழற்றி அந்த ஆணியில் காலண்டரை மாட்டினாள், பூரணமும் பேசாமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். தெய்வானையோடு தினம் பேசினாளே என்றால், அதற்கு மணி வேண்டியிருக்கவில்லை, விளக்கு வைத்ததும் கூப்பிடுவாள், இருட்டு இரண்டு ஊருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. முப்பது வருசம் மூச்சு விடுவது போலக் கூட்டியும் கழித்தும் வந்த ஒரு மணி நேரம், எப்போது உதிர்ந்து விழுந்தது என்றே தெரியவில்லை. கேட்டை அவர்கள் மூடினார்கள், ஒப்புக்கொள்கிறேன், பூட்டு போட்டார்கள், சரி, ஆனால் இதை யார் மூடினார்கள்? அப்படியானால் அந்தப் புகை. அப்படியானால் குளித்துவிட்டு ஈர லுங்கியோடு கரையேறிப் போனானே அந்த மொட்டைத் தலை, அவன் இவள் தூக்கி வளர்த்த தங்கராசு, தெய்வானை பெற்ற பிள்ளை. அவர்கள் கொண்டுவந்து இறக்கியபோது, இந்த மேட்டைப் பார்த்து வைத்துக் காத்திருந்தபோது, பூரணம் எங்கே இருந்தாள்? அடுப்படியில். வெயிலில் நிற்க வேண்டுமே, மயக்கம் வந்துவிடுமே என்று இரண்டு இட்லியைச் சீனி தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அதைக்கூட நிதானமாகத் தின்றாள், நேரம் கிடக்கிறது என்று. அவளுக்கு அப்படியே கீழே உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தாள். ஓடையில் இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். சிப்பாய் சுட்டால் சுடட்டும். இறங்கி ஓடிப்போய் எரிகிறதன் மேல் புடவையைப் போட்டால் அது கோடி ஆகுமா, விறகுதான் ஆகும். எரியத் தொடங்கிய பிறகு போடுவதற்குச் சாஸ்திரத்தில் பெயரே இல்லை. வாய்விட்டுக் கூப்பிட்டாள், "தெய்வானை" என்று, ஒரே ஒரு தடவை. ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மடியில் போன் அடித்தது. வேணி. எடுக்க மனசில்லை, எடுக்காமலிருக்கவும் முடியவில்லை. என்ன சொல்வது, மன்னித்துவிடு தாயி, உன் அத்தை மணி கேட்க மறந்துவிட்டாள், உன் ஆத்தாள் நாதியற்றவளாகப் போய்விட்டாள் என்றா? சொல்லித்தான் ஆக வேண்டும். காதில் வைத்தாள்.

"அத்தை, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இப்பத்தான் போனைப் பாக்குறேன். இத்தனை வாட்டி கூப்பிட்டிருக்கீங்களே."

"ஆமா தாயி. வந்து…"

"அண்ணன் சுடுகாட்டுலேருந்தே பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசிருச்சு அத்தை. நீங்க மேட்டுல செகப்பா விரிச்சுக் காட்டுனது நல்லாத் தெரிஞ்சுதாம். பாத்துட்டுத்தான், இந்தா பூரணத்து வீட்டுக் கோடின்னு சத்தமாச் சொல்லிப் போத்துனாங்களாம். எனக்கு அதைக் கேட்ட பின்னாடிதான் மூச்சே வருது."

பூரணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். மேட்டின் மறுகோடியில், அரைகுறையாக நட்டு விட்டிருந்த வேலித் தூண் இரண்டுக்கு நடுவில், பள்ளம் இருக்கிறது விழாதே என்று வேலைக்காரர்கள் ஒரு பெரிய சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காற்றுக்கு அது உப்பி அடங்கியது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, நாங்க பொம்பளைக முச்சந்தியோட திரும்பிட்டோம். ஆம்பளைக்கு என்ன சொல்லத் தெரியும், எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்குது அண்ணன், அவ்வளவுதான். நீங்கதான் கடைசியாப் பாத்திருக்கீங்க. சொல்லுங்க அத்தை. அம்மா எப்படி இருந்தாங்க?"

பூரணம் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா இருந்தா தாயி. தூங்குற கணக்கா."

"வாய்? வீட்டுல கட்டு அவுந்து அவுந்து தொறந்துக்கிட்டே இருந்துச்சு."

"மூடியிருந்துச்சு. வெத்தலை போட்டுக்கிட்ட மாதிரி செவந்து இருந்துச்சு."

"பூ இருந்துச்சா?"

"தலை நெறைய இருந்துச்சு."

அந்தப் பக்கம் அழுகை ஒன்று எழும்பி அடங்கியது. பிறகு வேணியின் குரல் தணிந்தது. "அத்தை, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. கல்லுகிட்டத் திருப்பும்போது கால்ல துணி விலகலையே?"

"கால்லயா? என்ன தாயி கால்ல?"

"போன தை மாசம் எடுத்துட்டாங்க அத்தை. வலது கால், முட்டிக்குக் கீழ. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. கேட் தொறந்த அன்னைக்கு முத ஆளா நடந்தே வருவேன்னு உங்ககிட்டச் சொல்லியிருந்தாங்களாமே. அதைப் பொய்யாக்கிராதீங்கடின்னாங்க. நீங்க பாத்துட்டீங்களோன்னுதான் காலையிலேருந்து எனக்குப் பயம்."

பைக்கு வெளியே பாதி சரிந்து கிடந்த புடவையைப் பூரணம் இழுத்து மடியில் வைத்தாள். அதன் ஓரத்தைக் கையால் நீவினாள். பிறகு குரல் பிசகாமல் சொன்னாள்.

"இல்ல தாயி. ஒண்ணும் விலகல. என் கோடி பாதம் வரைக்கும் எறங்கியிருந்துச்சு. நான் நல்லாப் பாத்தேன். ரெண்டு காலையும் மூடியிருந்துச்சு."